அமலியின் கற்றாழை

பூச்சுக் கூடத்தில் காலை வெட்டு ஐந்து மணிக்கு. ஜெசிந்தா கற்றாழை மடல்களை அடியில் அறுத்து, அறுத்த முனை கீழே இருக்கும்படி சட்டத்தில் நிறுத்தினாள். மஞ்சள் பால் வடிய அரை மணி நேரம் ஆகும். பிறகு கழுவி, முள் ஓரம் சீவி, தோலை உரித்து, உள்ளிருக்கும் சோற்றை அரைத்து வடிகட்டினால் ஒருநாளைக்குத் தடவும் பூச்சு. அது இல்லாமல் தூத்துக்குடி வெயிலில் யாரும் பத்து நிமிடம் தாங்குவதில்லை.

பிறந்ததும் ஆளுக்கொரு செடி. அவரவர் தோலணு ஏற்றிய உயிர்க்கற்றாழை. நகர வாசலிலுள்ள தோல்மானி என்ற ஸ்கேனர், பூச்சை வைத்துத்தான் ஆளை அறியும். நாற்பத்தெட்டு நாள் ஒருவரின் பூச்சு வாசலில் பதியாவிட்டால் செடியைப் பிடுங்கிவிடுவார்கள். அப்புறம் அவருக்கு வாசல் திறக்காது.

"யக்கா, இது அமலி செடில்லா?" பக்கத்து மேசை இசக்கியம்மாள் கேட்டாள். "உன் செடி எங்க?"

"நேத்துப் புடுங்கிட்டாவ."

பல நாள் பூச்சுக் குப்பிகளோடு உப்பளத்துக்குப் போன மகள் அமலி புயலுக்குப் பின் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வந்தால் வாசல் திறக்க வேண்டுமே என்று ஜெசிந்தா தினமும் மகளின் பூச்சைத் தடவி வெளியே போய்வந்தாள். அரித்தாலும், பெற்றவள் தோல் என்பதால் ஒட்டிக்கொண்டது. ஒரு பூச்சுக்குப் பழகிய தோலில் மற்றது ஒட்டாது; அவளுடையது பதியாமலே போனது.

"இனி உன்ன என்னன்னு கூப்புட? அமலின்னா?"

"கூப்புடேன். வயசாவது குறையட்டும்."

பதினொரு மணிக்கு, கூடத்தை ஒட்டிய வாசலின் ஒலிபெருக்கி சொன்னது: "அமலி உள்ளே இருக்கிறார். அனுமதி இல்லை."

கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் நின்றாள். முழங்கை உரிந்திருந்தது. கையில் கடைசிச் சொட்டும் தடவித் தீர்ந்த பூச்சுக் குப்பி.

"அம்மா, நாந்தான். உள்ள யாரு அமலி?"

வாசலில் காவலர் கிடையாது. உண்மையைப் பதிந்தால், பிறர் பூச்சை அணிந்த குற்றத்துக்கு அந்தச் செடியும் போகும். ஜெசிந்தா கத்தியைக் கழுவி வைத்தாள். வடிகட்டிய பூச்சில் ஒரு குப்பி எடுத்துக்கொண்டாள். தோல்மானியில் கை வைத்தாள்.

"சென்று வாருங்கள், அமலி."

கதவு அவள் ஒருத்தியை மட்டும் வெளியே விட்டு மூடியது. மகளின் முழங்கையை அவள் தொடவில்லை, பார்த்தாள்.

"கைய வையி. உள்ள போ."

"நீங்க எப்படி உள்ள வருவிய?"

"நாளைக்கு நீ பூச்சோட வெளிய வா. நான் போறேன். மறுநாள் நீ."

"ஒண்ணாச் சாப்புடறது எப்பம்மா?"

ஜெசிந்தா வெயிலைப் பார்த்தாள்.

"சட்டத்துல இப்ப வெட்டுன மடல் நிக்கி. பால் முழுசா வடிஞ்சப்புறம் உரி," என்றாள்.

"வாருங்கள், அமலி," என்றது வாசல்.