காப்புக்குள் ஓர் ஆட்டக்காரன்

மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிய மறுநாள் காலை, அம்மா சாலம்மாள் வைத்த கம்மங்கூழை மயில்சாமி தொடவில்லை. வட்டிலைச் சுவரோரம் தள்ளிவைத்தான்.

"பசிக்கலை."

"ராத்திரியும் இதையேதான் சொன்னே, சாமி."

"உனக்கு உடம்பு தேவலையா? முதல்ல அதைச் சொல்லு."

அவள் வட்டிலை மறுபடியும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

முந்தின நாள் சேலத்தில் கல்லூரி விடுதிக்கு ஒரு செய்தி போயிருந்தது. அம்மாவுக்கு உடம்பு மோசம், உடனே வரவும். மயில்சாமி கரி வாயுவில் ஓடும் பஸ்ஸைப் பிடித்து, ஆட்டையாம்பட்டியில் இறங்கி, அங்கிருந்து ஓடி வந்தான். சாலம்மாள் வாசலில் மாவு இடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போக பஸ் இல்லை. பொழுது சாய்ந்ததும் காப்புக் கட்டிவிட்டார்கள்.

காப்புக் கட்டும் நேரத்தில் ஊருக்குள் இருந்தவர் யாரும், திருவிழா முடியும்வரை எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. வெளியூரில் இருந்தவருக்கு இந்தக் கட்டு இல்லை. விடுதியிலேயே இருந்திருந்தால் அவனுக்கும் இல்லை. மீறிப் போனால் அந்த வீட்டார் நேர்ந்துகொண்ட பூவோட்டை, அதாவது தீச்சட்டியை, கோயில் ஏற்காது. இந்த வருடம் பூவோடு எடுக்கிறவள் சாலம்மாள். தீச்சட்டியை ஏந்தப்போகும் கையில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தாள்.

"நான் மெட்ராசு ஆட்டத்துக்குப் போயிருவேன்னு தெரிஞ்சுதானே இப்படிப் பண்ணினே? உனக்கு உன்ற பூவோடுதான் பெருசு."

பின்கட்டில் அவன் அப்பா தங்கமுத்து தறியில் உட்கார்ந்திருந்தார். தறிச் சத்தம் நிற்கவில்லை.

செய்தி சொன்னது யார் என்று சாலம்மாளுக்கு நேற்றே தெரிந்துவிட்டது. நேற்றுக் காலையில் நூல் வாங்கச் சேலம் போய் வந்த தங்கமுத்து, மகன் வந்து நின்றபோது நிமிர்ந்து பார்க்கவில்லை. மயில்சாமி தறியை விட்டுக் கல்லூரிக்குப் போனதிலிருந்து அப்பனும் மகனும் பேசியதில்லை. இந்தப் பொங்கலன்றுதான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வெயில் ஏறிய பிறகு குழந்தைவேல் சைக்கிளில் வந்தான். கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குத் தலைவன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அம்மாவுக்கு இப்ப எப்படி..." என்று தொடங்கியவன், தண்ணீர்ச் சொம்போடு வந்தவளைப் பார்த்து நிறுத்தினான்.

"நல்லாத்தான் இருக்கறாங்க" என்றான் மயில்சாமி. "நாந்தான் பைத்தியக்காரனாட்ட ஓடியாந்தேன்."

காப்புக் கட்டை அவன் சொல்லக் கேட்ட குழந்தைவேல் தலையில் கை வைத்தான். ஜில்லாவில் ஜெயித்தாகிவிட்டது. சென்னையில் கல்லூரிகளுக்கிடையே பெரிய போட்டி. இன்றைக்கே ரயில் ஏற வேண்டும். முதல் ஆட்டமே போன வருடம் கோப்பை வாங்கியவர்களோடு.

"நேத்து நீயில்லாம போலீஸ்காரங்களோட ஆடிப் பார்த்தோம். பாதியிலயே அவங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதுல ஒரு ஏட்டு, 'தம்பி, மெட்ராசுல கடல் நல்லாருக்கும், பார்த்துட்டு வாங்க'ன்னாரு."

சாலம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அஞ்சு பேரு ஆடறதுன்னுதானே இவன் சொல்லுவான். ஒருத்தன் இல்லீன்னா இன்னொருத்தனை உட முடியாதா, கண்ணு?"

குழந்தைவேல் சுவரோரமிருந்த கூடையிலிருந்து நூல் சுற்றிய தார்க்குச்சிகளில் ஐந்தை எடுத்துத் தரையில் வைத்தான்.

"இவங்க ரெண்டு பேரு பின்னாலிங்க. இது பக்கத்துல ஓடறவன். இது நானு. இது மயிலு, கூடைக்கு அடியில. நாங்க எறியறதுல பாதிக்கு மேல வளையத்துல பட்டு வெளிய உழும். அதை எட்டிப் புடிச்சுத் திருப்பிப் போடறது இவன்தான். தப்பா எறிஞ்சாலும் மயிலு இருக்கறான்னு ஒரு தைரியமுங்க."

மயில்சாமிக்கு வைத்த தாரை எடுத்துவிட்டான்.

"ஆளு போட்டாச்சு. ஆனா இப்ப எவனும் எறிய மாட்டேங்கறான். பந்தைக் கையில வெச்சுட்டு ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்க்கறான்."

சாலம்மாள் மீதமிருந்த நான்கு தார்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையெல்லாம் இவங்ககிட்ட எதுக்குடா சொல்றே?" என்றான் மயில்சாமி. "பொய் சொல்லி என்னை வரவெச்சதே இவங்கதான்."

"இவங்களா? உங்கப்பாதான வந்தாரு."

"எப்ப?"

"நேத்துக் காலையில. நூல் மூட்டையை விடுதி வாசல்ல எறக்கி வெச்சுட்டு வாட்ச்மேன்கிட்டச் சொன்னாரு. நான் குழாயடியில நின்னேன். கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. நெசமாவே அம்மாவுக்கு ஏதோ ஆயிருச்சுன்னு நெனச்சேன்."

தறிச் சத்தம் நின்றது.

பின்கட்டிலிருந்து தங்கமுத்துவின் குரல் வந்தது.

"நாந்தான் சொன்னேன். நல்லா ஆடினா ரயில்வேயில எடுத்துக்குவாங்கன்னு பொங்கலன்னிக்கு இவனே சொன்னான். எடுத்துக்கிட்டா இந்த ஊட்டுப் பக்கம் எதுக்கு வருவான்? காப்புக்குள்ள மாட்டிக்கிட்டா போக முடியாதுன்னு நெனச்சேன்... தப்புன்னா தப்புதான்."

மயில்சாமி அம்மாவைப் பார்த்தான்.

"ராத்திரி அத்தனை பேச்சுப் பேசினேனே. நான் இல்லீன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

"சொல்லியிருந்தா மறுபடியும் அவரோட பேச்சை உட்டிருப்பே. என்னோட பேசாம உன்னால எத்தனை நாளைக்கு இருக்க முடியும்?"

அவன் அப்படியே உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின. குழந்தைவேல் வாசல் பக்கம் திரும்பி நின்றான்.

"குழந்தைவேலு" என்றாள். "இவன் வந்தா ஜெயிச்சுருவீங்களா?"

அவன் யோசித்தான். "பொய் சொல்ல மாட்டேனுங்க. இவன் வந்தாலும் கஷ்டந்தான். ஆனா எறிவோம்."

சாலம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். மயில்சாமிக்குச் சின்ன வயதில் அம்மை போட்டபோது செய்துகொண்ட வேண்டுதல் அந்தப் பூவோடு. ஒரு வருடம் மாமனார் சாவு. ஒரு வருடம் அவளுக்கே காய்ச்சல். எடுக்க முடியாமலே தள்ளிப்போயிருந்தது.

மகன் வெளியூர் போக வேண்டும், காப்பை அவிழ்த்துவிடுங்கள் என்று அவள் நீட்டிய கையைப் பூசாரி தொடவில்லை.

"காப்பை நடுவுல அவுத்தா இனி எந்த வருசமும் உனக்குப் பூவோடு கிடையாது, சாலம்மா."

"தெரியுமுங்க."

"பையன் போறான்னா அது அவன் குத்தம். நீ எதுக்கு முந்திக்கறே?"

"நான் அவுத்துட்டா எம்பேருல நிக்குமுங்க. அவன் பேருல வேண்டாம்."

"ஆத்தா கேப்பா."

"கேட்டா நான் சொல்லிக்கறேனுங்க."

அவளே முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைப் பலிபீடத்தின் மேல் வைத்தாள். தேர் நிலை அருகே நின்ற இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தி அவள் கையைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மயில்சாமியும் அந்தக் கையைத்தான் பார்த்தான். கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது. அவன் எழுந்து வந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நான் போகலைம்மா. எனக்கு எந்த மெட்ராசும் வேண்டாம்."

"அவுத்தாச்சு, சாமி. இனி நீ போகாட்டி ரெண்டும் போச்சு." அவன் தலையைத் தோளோடு சாய்த்துக்கொண்டாள். அவ்வளவு உயரமானவன் குனிய வேண்டியிருந்தது. "நீ நல்லாருக்கோணும்னுதான் வேண்டினேன். உன்னைக் கட்டிப்போட்டு வெச்சுக்கறேன்னு வேண்டலை."

கூழை அவளே ஊட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். குழந்தைவேல் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினான். ஊருக்குள் விஷயம் பரவத் தொடங்கியிருந்தது. எதிர் வீட்டு வாசலில் நாலைந்து பேர் கூடி நின்றார்கள். எல்லையைத் தாண்டும் வரை எவனாவது வழி மறிக்கலாம்.

சாலம்மாள் பின்கட்டுக்குப் போனாள். தங்கமுத்து தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். நூல் ஓட்டும் நாடா கையில் இருந்தது.

"ஏனுங்க, பையன் கெளம்பிட்டான். எல்லை வரைக்கும் நீங்க கூடப் போறீங்களா, இல்ல நானே போகட்டுமா?"