கல்லறைத் திருநாளில் ஒரு சிக்னல்

மடிக்கணினியின் லினக்ஸ் மென்பொருளைப் புதுப்பித்ததிலிருந்து செத்துக் கிடந்த வயர்லெஸ், ரொனால்ட் தொடாமலேயே உயிர்பெற்றது. திரையின் மூலையில் ஒற்றைக் கோடு. பெயரில்லாத சிக்னல்.

நல்லது எதுவும் தானாக நடந்து பழக்கமில்லாததால் ரொனால்டுக்குச் சந்தேகம் வந்தது. இலத்தீன் பூசைக்கு ஆமென் சொன்ன பழைய ஆட்களைப் போல, அர்த்தம் தெரியாத கட்டளைகளை அவன் முந்தாநாள் முதல் தட்டிக்கொண்டிருந்தான். ஒன்றும் பலிக்கவில்லை.

மடிக்கணினி, அண்ணன் சூசைராஜ் பிரான்சில் வைத்திருந்தது. ஊருக்கு வந்த இடத்தில் இறந்துபோனவரைச் சொந்த ஊரான தலத்தெருவிலேயே அடக்கம் செய்தார்கள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் ரொனால்ட் அங்கே மெழுகுவத்தி ஏற்றி, படமெடுத்துப் பாரிசுக்கு அனுப்புவான். அண்ணி லூர்தம்மாள் அந்த ஒரு படத்துக்காகத்தான் வருஷம் முழுக்கக் காத்திருப்பார்.

இந்த வருஷம் மழை. கல்லறையில் முழங்கால் சேறு. மனைவி ரீட்டா நாகப்பட்டினத்தில் அம்மா வீட்டுக் கல்லறைக்குப் போயிருந்தாள். போன வருஷப் படத்தையே அனுப்பிவிடலாம், மெழுகுவத்தி என்ன தேதியா சொல்லப்போகிறது என்று ரொனால்ட் முடிவுகட்டியிருந்தான். பிரிக்காத மெழுகுவத்திப் பொட்டலம் மேசையில் கிடந்து அவனையே பார்ப்பது போலிருந்தது. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினான்.

அவன் இத்தனை நாளும் ஓசியில் உறிஞ்சியது பக்கத்து வீட்டு இணைப்பைத்தான். போன் போட்டான்.

"பாய், நெட் பெட்டிய மாத்திட்டீங்களா?"

"எங்கேருந்து மாத்துறது? இடி இடிக்குதுன்னு மத்தியானமே பிளக்கைப் புடுங்கிட்டேன்," என்றார் நெய்னா முகம்மது. "ஏன் தம்பி, ஓசி நெட்டுக்கு இடி ஒத்துக்கலையா?"

சிரித்துக்கொண்டே போனை வைத்தான். இரண்டு கோடு.

மாடியில் குடியிருக்கும் வங்கிக்காரனைச் சந்தேகப்பட்டான். எதிர்வீட்டைச் சந்தேகப்பட்டான். ஜன்னலைத் திறந்தான். ஓட்டிலிருந்து நீர் விழும் ஓசையும் சாக்கடை நிரம்பி ஓடும் ஓசையும் தவிர தெருவில் யாருமில்லை. ஈர மண்ணின் வாசத்துக்கு அடியில், சன்னமாக, உருகும் மெழுகின் வாசம் வந்தது. தெருவுக்கே இன்று திருநாள்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அந்த வாசம் எப்போதுமே அவனை அண்ணனிடம் கொண்டுபோய்விடும். சிறுவயதில் கல்லறைக்கு நடக்கும்போது பின்னால் வரும் அண்ணன், தம்பி தூங்கி வழிந்தால் அவன் கழுத்தில் ஒரு சொட்டு மெழுகு விடுவார். "முழிச்சுக்கடா, சாமி பாக்குது!"

மூன்று கோடு.

வாசல் கேட் கிரீச்சிட்டது. பூட்டிய கேட்.

கணினியைக் கவிழ்த்தான். திருகுகளைக் கழற்றி, வயர்லெஸ் அட்டையைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். இனி எந்தச் சிக்னலும் வர வழியில்லை. கணினியைத் திருப்பினான்.

நான்கு கோடு.

அரட்டைப் பெட்டி தானாகத் திறந்தது. அண்ணி.

"தம்பி, படம் வந்துச்சுப்பா."

அவன் எதையும் அனுப்பவில்லை.

"கல்லறை ஏம்ப்பா இருட்டா இருக்கு? ஒரு வத்திகூட ஏத்தலியா?"

விரல்கள் விசைமேல் நின்றன.

"இன்னொன்னு வருது. இது நம்ம தெருல்ல?"

ஈரக் காலடி. கூடத்தில்.

"இது நம்ம வூட்டு கேட்டு."

மழை ஓசை சட்டென்று நின்றது.

"இதுல நீ கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கே. முதுகு தெரியுது. யாருப்பா படம் எடுக்குறது?"

துண்டு தரையில் கிடந்தது. பொட்டலம் பிரிந்திருந்தது. ஒரு மெழுகுவத்தியைக் காணோம்.

திரைக் கண்ணாடியில், அவன் தலைக்குப் பின்னால், ஒரு சுடர். அசையாமல்.

கழுத்தில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. விழுந்த இடத்திலேயே இறுகியது.

ரொனால்ட் திரும்பவில்லை.

இரண்டாவது சொட்டு.