சூட்டறையில் ஒரு மஞ்சள் நூல்

"வீ...ல்!"

சூட்டறையிலிருந்து வந்த அலறலில் கெமிஸ்ட்டின் கையிலிருந்த காபி பாதி தரைக்கும் பாதி வெள்ளைக் கோட்டுக்கும் போனது.

"அண்ணி! ஓடி வாங்க! குண்டன் போயிட்டான்!"

அலறியது நாத்தனார். வீட்டில் முகம் பார்ப்பது போதாதென்று, பரிசோதனைக் கூடத்திலும் அவளுக்கு உதவியாக இருந்தவள்.

கெமிஸ்ட் ஓடினாள்.

குண்டன் ஸ்டாண்டில் அப்படியே கிடந்தான். அடிவயிறு நனைந்திருந்தது. சொட்டு... சொட்டு... சொட்டு...

"ஐயோ... நேத்துகூட நல்லாத்தானே இருந்தான்!"

பதறாதீர்கள். குண்டன் மனிதனில்லை, டேங்க்! கார்பன் இழையும் பிசினும் சேர்த்துச் செய்த விமான எரிபொருள் டேங்க். அவன் வயிற்றில் எரிபொருளை நிரப்பி, கெமிஸ்ட் உருவாக்கிய மருந்தைக் கலந்து, வெதுவெதுப்பான அறையில் ஊறப்போட்டிருந்தார்கள். வானத்துக் குளிரில் எரிபொருளில் உள்ள ஈரம் உறைந்து குழாயை அடைக்காமல் காக்கும் மருந்து அது. பிசினை அது அரிக்கிறதா என்பதுதான் சோதனை.

டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தாள். அடியில் பிசின் பூச்சு கொப்புளம் கொப்புளமாக... உரிந்து தொங்கியது.



புது விமானத்தின் இறக்கைக்குள்ளும் இதே டேங்க். இதே மருந்து. இன்று மதியம் முதல் பயணம்.

ஓட்டப்போவது அவள் கணவர்!

செல்போன் அலறியது. அவரேதான்.

"என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"என்னங்க... இன்னிக்குப் பறக்க வேண்டாம். குண்டன் ஒழுகுறான்."

"உன் மருந்து மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. உன் சமையல் மேலதான் இல்ல."

"விளையாடாதீங்க! ஆமா, ஃப்ரிட்ஜுக்கு அடியில இருக்கற தட்டைக் கொட்டினீங்களா? சமையல்கட்டெல்லாம் தண்ணி!"

"கொட்டறேன்... கொட்டறேன்..."

'டொக்'. வைத்துவிட்டார்.

"யாரும் எதையும் தொடாதீங்க!"

கம்பீரமாக நுழைந்தார் பாதுகாப்பு அதிகாரி. எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் 'மீசை'. ராத்திரி கொட்டிய மழையில் சைக்கிளில் டூட்டிக்கு வந்தும் அவர் காலில் ஈரமே இல்லை.

"இது விபத்து இல்ல மேடம். கொலை!"

"டேங்க்கை யாரு சார் கொல்லுவாங்க?"

"நாச வேலை! பூட்டின ரூம். ரெண்டு சாவியும் ராத்திரி முழுக்க என் இடுப்புல. அப்போ எவன் உள்ள போனான்?" மீசையை முறுக்கினார். "உங்களுக்கும் உங்க கணவருக்கும் ஏதாவது சண்டை...?"

"கல்யாணம் ஆயிருக்கு சார். சண்டை இல்லாம இருக்குமா?"

"நோட் பண்ணிக்கிட்டேன்!"

நாத்தனார் பாய்ந்தாள். "எங்க அண்ணியைச் சொன்னீங்க, நடக்கறதே வேற! அவங்களைத் திட்டற உரிமை எனக்கு மட்டும்தான்!"

கெமிஸ்ட் இவர்களைக் கவனிக்கவில்லை. கண்ணாடி ஜாடி ஒன்றை எடுத்து, குண்டனின் அடியிலிருந்த வடிகுழாயைத் திறந்தாள்.

ஜாடியில் இரண்டு அடுக்கு! மேலே எரிபொருள். கீழே...

"தண்ணி!"

"தண்ணியா? நாம ஊத்தவே இல்லியே அண்ணி!"

"அதான் விஷயம். இந்த மருந்துக்கு எரிபொருளை விடத் தண்ணியைத்தான் ரொம்பப் பிடிக்கும். எரிபொருள்ல பரவி இருந்தா சாது. தண்ணியைக் கண்டா மொத்தமும் அதுல போய்ச் சேர்ந்துக்கும். அடியில கெட்டியா உக்காந்து பிசினை அரிச்சுடும்."

தண்ணீரில் ஏதோ மிதந்தது. இடுக்கியால் எடுத்தாள்.

மஞ்சள் நூல்!

அண்ணாந்து பார்த்தாள். குண்டன் மூச்சு விடத் திறந்து வைத்திருந்த மூடிக்கு நேர் மேலே ஒரு கம்பி. அதில்... துணி மாட்டும் கிளிப்!

மெல்லத் திரும்பினாள்.

"சார்... இந்த மழையில எல்லாரும் சொதசொதன்னு வர்றோம். உங்க கால் மட்டும் எப்படி சார் காஞ்சிருக்கு?"

"டிசிப்ளின் மேடம்!"

"பேன்ட்டைக் கொஞ்சம் தூக்குங்க."

"மேடம்... மரியாதை..."

"தூக்குங்க!" என்றாள் நாத்தனார்.

தூக்கினார்.

மஞ்சள் சாக்ஸ்! ஒரு நூல் பிரிந்து தொங்கியது!

மீசை தொங்கிப்போனது. "மழை ஆரம்பிச்சதுலேர்ந்து ராத்திரி டூட்டியில இங்கதான் காயப்போடறேன். ரூம் கதகதன்னு இருந்துச்சு... சத்தியமா பிழியாம போட்டது மட்டும்தான் என் தப்பு!"

விஷயம் தெரிந்ததும் பரிசோதனைக் கூடத்தின் டைரக்டர் போனில் துள்ளினார். "அப்போ மருந்து மேல தப்பில்ல! குற்றவாளி சாக்ஸ்! விமானத்துக்குள்ள யாரும் சாக்ஸ் காயப்போடலையே? பறக்கட்டும்!"

நாத்தனார் கைதட்டினாள்.

தூரத்தில் என்ஜின் உறுமியது.

கெமிஸ்ட்டுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மழையில் வெளியே நிற்கும் விமானம். ராத்திரிக் குளிரில் டேங்க் உள்ளே வேர்க்கும். அதனால்தான் தினம் காலையில் வடிகுழாயைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். அது பைலட்டின் வேலை.

பைலட்டின் வேலை...!

சட்டென்று போனை எடுத்தாள்.

"என்னம்மா? பெல்ட் போட்டாச்சு, கிளம்பறேன்."

"என்னங்க... காலையில டேங்க்ல தண்ணி வடிச்சீங்களா?"

"இன்னிக்கா...?"

"நேத்து?"

"வந்து..."

"இந்த மழை ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு தடவையாவது?"

"நீதான் மருந்து கலந்திருக்கியேம்மா! தண்ணி உறையாதுல்ல? அப்புறம் எதுக்கு வடிக்கணும்னு..."

"இறங்குங்க கீழ!"

என்ஜின் அடங்கியது.

கெமிஸ்ட் மைதானத்துக்கு ஓடினாள். பின்னால் நாத்தனார். அதற்கும் பின்னால், சாக்ஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மீசை.

இறக்கையின் வடிகுழாயைத் திறந்தாள். ஜாடி நிறையத் தண்ணீர். அதில் உரிந்த பூச்சு, தோல் தோலாக...

பைலட்டின் முகம் வெளுத்தது. "மேல போயிருந்தா...?"

"போய்ச் சேர்ந்திருப்பீங்க!" என்றாள். அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள்.

மீசை தொண்டையைச் செருமினார். "அப்போ மேடம்... என் சாக்ஸ் மட்டும் சொட்டலேன்னா, நீங்க ஜாடியையே எடுத்திருக்க மாட்டீங்க. சாரோட உயிரைக் காப்பாத்தினது என் சாக்ஸ்!"



பைலட் மனைவியைப் பார்த்தார். "நான் வடிக்கலைன்னு நீ எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஃப்ரிட்ஜ் தட்டைக் கொட்டாத மனுஷன், விமானத்துக்குப் போய் மட்டும் கொட்டிடுவாராக்கும்!"