பன்னிரண்டாம் பாடம்

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குடியிருப்பில் பள்ளி வருகைப்பதிவு உறுப்புகளால் நடந்தது. ஒவ்வொரு மாணவரும் வகுப்பு வாசலில் நின்று அன்றைய உறுப்பின் பெயரைச் சொல்ல வேண்டும். "கல்லீரல், உள்ளேன் ஐயா" என்றால் சுவரில் அவருடைய கல்லீரல் பளிச்சென்று தெரியும். யாரும் முகம் சுளிப்பதில்லை. "உன்னோடது கொஞ்சம் வீங்கியிருக்குடா" என்று கேலி செய்வதோடு சரி.

சுவருக்குள் இருந்த இயந்திரத்தின் பெயர் உள்நோக்கி. பள்ளிக்கு வருகைப்பதிவேடும் அதுதான், குடியிருப்புக்கு மருத்துவரும் அதுதான். அதற்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. உடலுக்கு உரியவர் தன் வாயால் பெயர் சொல்லிக் கேட்கும் உறுப்பை மட்டுமே அது பார்க்கலாம். அந்தப் பெயர்களை அது கற்றது உடலியல் ஆசிரியர் சவரிமுத்துவின் வகுப்பிலிருந்து. இருபது வருட அனுபவம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இருநூற்றாறு எலும்பையும் ஒப்பிக்கிற மனிதர்.

அன்று மூன்றாம் பிரிவேளையில் நிறைமதி என்ற பதினைந்து வயது மாணவி மேசைமேல் சுருண்டு வாந்தி எடுத்தாள். சவரிமுத்து அவளைத் தாங்கிப் பிடித்துப் பக்கத்து மருத்துவ அறைக்குக் கூட்டிப்போனார்.

"என்னம்மா பண்ணுது?"

"வயித்து வலி சார்."

உள்நோக்கி இரைப்பையைப் பார்த்தது. நலம் என்றது. அவர் எடுத்துக்கொடுக்க, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிறுகுடல், பெருங்குடல், குடல்வால், சிறுநீரகம் என்று வரிசையாகச் சொன்னாள். எல்லாம் நலம். அவளுக்கோ உதடு வெளுத்துப்போயிற்று.

"வேற எங்கம்மா வலிக்குது?"

"அங்க சார்."

"அங்கன்னா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுக்குப் பேர் தெரியாது சார்."

சவரிமுத்துவுக்குச் சுருக்கென்றது. கருமுட்டை உருவாகும் சூலகம் முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நிற்கும், சில மணி நேரத்தில் அந்த உறுப்பே செத்துப்போகும் என்று அவர் படித்திருந்தார். படித்ததோடு சரி, வகுப்பில் நடத்தியதில்லை. "சூலகம்னு சொல்லும்மா" என்று கதவைப் பார்த்தபடி முணுமுணுத்தார். அவளும் சொன்னாள்.

"அப்படி ஓர் உறுப்பு பாடத்தில் இல்லை" என்றது உள்நோக்கி. "பன்னிரண்டாம் பாடமாகப் பதிவானது ஒரே வாக்கியம்." அடுத்து சவரிமுத்துவின் குரலே சுவரிலிருந்து கேட்டது: "இதை நீங்களே வீட்டுல படிச்சுக்கோங்க." வருடத்துக்கு ஒரு முறையாக, இருபது முறை.

"இப்ப சொல்றேன், பதிஞ்சுக்கோ."

"வகுப்பில் நடத்துவதே பாடம், ஆசிரியரே."

அவர் வகுப்புக்கு ஓடினார். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, பலகையைப் பார்த்தே தொடங்கினார். கருப்பை. அதன் இருபுறமும் சூலகம், பாதாம் பருப்பளவு. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. "உரக்கச் சொல்லவும்" என்று உள்நோக்கி இரண்டு முறை கேட்டுக்கொண்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருடம் வெட்கப்பட்டதை நினைத்தபோது அதைவிட வெட்கமாக இருந்தது.

பக்கத்து அறையிலிருந்து நிறைமதியின் குரல் அவர் குரலைவிடத் தெளிவாகக் கேட்டது. "வலது சூலகம்." பழக்கதோஷத்தில், "உள்ளேன் ஐயா" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

உள்நோக்கி பார்த்தது. கால் மணி நேரத்தில் அதன் ஊசிக்கைகள் முறுக்கை அவிழ்த்தன. உறுப்பு பிழைத்தது.

ஐந்தாம் நாள் அவள் வகுப்புக்கு வந்தாள். கையில் விடுப்புக் கடிதம். இருபது பேரும் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

"சார், காரணம் மட்டும் எழுதல. என்னன்னு எழுதட்டும்?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். சூலகம் என்ற சொல்லின் கூச்சத்தை அவள் எப்போதோ தாண்டி வந்துவிட்டாள். அவர் பிள்ளைகளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வாய் முந்திக்கொண்டது.

"வயித்து வலின்னே எழுதிடும்மா."

நிறைமதி பேனாவை எடுக்காமல் அவரையே பார்த்தாள். சொன்னதை விழுங்கிவிட முடியாதா என்றிருந்தது அவருக்கு. அதற்குள் சுவர் பேசிவிட்டது.

"திருத்தம் பதிவாயிற்று, ஆசிரியரே. சூலகம் என்பது வயிற்றின் வேறு பெயர்."

இருபது பேரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.