தடுப்புக்கு அந்தப் பக்கம்

கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் தலை லேசாக முட்டியபோதுதான் பொன்னுதுரை அதை முதலில் கேட்டான். ஸ்பானர் ஒன்று நட்டின் மேல் பொருந்தி உட்காரும் சத்தம். நல்ல மத்தியானம். மனைவி பிளாரன்ஸ் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். ஜன்னலுக்கு வெளியே உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வெயிலில் குலுங்கிப் போனது. சக்கரம் சுற்றியது, புழுதி எழுந்தது, சத்தம் மட்டும் இல்லை. மூன்று வருஷமாக உலகம் அவனுக்கு அப்படித்தான். சத்தமே இல்லாத அந்த வீட்டில், இரும்பின் மேல் இரும்பு வந்து உட்கார்ந்தது.

கை தானாக வலது காதுக்குப் பின்னால் போனது. தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவு வந்து பாதியில் நின்றது. தொட்டாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அறுவைக்காகத் தோலைக் கிளப்பியபோது நரம்புகள் அறுபட்டுப் போனதால் உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடம் மரத்துக் கிடந்தது. பஞ்சால் துடைக்கும்போது வேறு யாருடைய தலையையோ துடைப்பது போலிருக்கும். அந்த மரத்த தோலின் நடுவில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிதாக, சாம்பல் நிற உலோகக் குமிழ் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

சத்தம் தலைக்குள் போக இரண்டு வழி உண்டு. ஒன்று காற்று வழி. துளையில் நுழைந்து, சவ்வை அதிரவைத்து, மூன்று குட்டி எலும்புகளைத் தள்ளி, உள்ளே நத்தை போலச் சுருண்டிருக்கும் உறுப்பைச் சேரும். மற்றது எலும்பு வழி. மண்டையோடு அதிர்ந்தால் அந்த நத்தை நேராகவே கேட்டுவிடும். பொன்னுதுரைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுத் துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் எஞ்சின் பிட்டர் அவன். ஓடுகிற எஞ்சினில் எந்த பேரிங் கெட்டிருக்கிறது என்று பார்க்க, திருப்புளியின் நுனியை இரும்பில் ஊன்றிப் பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் வைத்துக் கேட்பார்கள். எங்கே வைக்கும்போது சத்தம் அதிகமோ அங்கே கோளாறு.

அவனுக்குக் காற்று வழி அழிந்துபோயிற்று. சின்ன வயதிலிருந்து ஒழுகிய சீழ், சவ்வையும் குட்டி எலும்புகளையும் தின்றுவிட்டது. நத்தை மட்டும் பிழைத்திருந்தது. எஞ்சின் ஏறி இறங்கியவனைத் துறைமுகத்தின் வாசல் கேட்டுக்கு மாற்றினார்கள், உள்ளே போகும் லாரிக்குக் கயிறு தூக்கிவிடும் வேலை. அந்தச் சமயத்தில்தான் மிஷன் ஆஸ்பத்திரிக்கு சுவீடன் டாக்டர் வந்தார். டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்த திருகை மண்டை எலும்பில் இறக்கினார். மூன்று மாதம் தோலுக்கடியில் விட்டுவைத்து, மறுபடி திறந்து குமிழை மாட்டினார். புண் ஆறியதும் குமிழில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினால், அது அதிர, எலும்பு அதிர, அவன் கேட்பான்.

"உங்கள் ஊர் முத்துச்சிப்பி உள்ளே வந்த அந்நியத்தைச் சுற்றி மூடி, தள்ளி வைக்கும்" என்று டாக்டர் சிலேட்டில் எழுதிக் காட்டியிருந்தார். "எலும்பு இதை அந்நியன் என்று நினைக்காது. சேர்த்துக்கொள்ளும்." பிறகு அதை அழித்துவிட்டு, "ஆனால் திருகு இளகினால் எடுத்துவிட வேண்டும். இன்னொன்று போட நல்ல எலும்பு உன்னிடம் இல்லை" என்று எழுதினார்.

ஆக, அந்த ஒரு திருகுதான். அது நின்றால் எஞ்சின் உண்டு, பிளாரன்ஸின் குரல் உண்டு. இளகினால் சாகும்வரை கேட்டில் கயிறு.

அன்று சாயங்காலம் செந்தூர்பாண்டி வாழைப்பழச் சீப்போடு வந்தான். கப்பல் வேலையில் பொன்னுதுரைக்குப் பல வருஷக் கூட்டாளி. தெருவே கேட்கும்படி இடது காதில் வாயை ஒட்டிக் கத்தினான், அப்படிக் கத்தினால்தான் ஏதோ கொஞ்சம் எட்டும்.

"அண்ணாச்சி! ஒரு சந்தேகம்!"

"கேளுலே."

"மண்டையில போல்ட்டு போட்டாவளே, அந்தப் பக்கம் நட்டைப் பிடிக்க உள்ள யாரு போனா?"

பிளாரன்ஸ் சிரித்துக்கொண்டே வந்து, தாடையை பொன்னுதுரையின் உச்சந்தலையில் அழுத்தினாள். அவனிடம் பேச அவள் கண்டுபிடித்த வழி அது. எலும்பிலிருந்து எலும்புக்கு, தண்ணீருக்கடியில் கேட்பது போல மங்கலாக அவள் பேச்சு இறங்கும். "எடம் தாராளமாத்தானே கெடக்கு. ஒரு ஆளு போயி, நின்னு, வேலை பாத்துட்டே வரலாம்னு சொல்லுங்க உங்க கூட்டாளிகிட்ட."

பொன்னுதுரையும் சிரித்தான். சீழ் முக நரம்பையும் தொட்டிருந்ததால், முகத்தின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது.

செந்தூர்பாண்டி கேட்டதில் ஒரு தொழில் இருக்கிறது. கப்பலின் இரும்புத் தடுப்பில் போல்ட் முடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் இந்தப் பக்கம் போல்ட்டைத் திருப்புவான். இன்னொருவன் ஆள் நுழையும் துளை வழியாகத் தொட்டிக்குள் தவழ்ந்து போய், அந்தப் பக்கம் நட்டை ஸ்பானரால் பிடித்திருப்பான். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, கத்தினாலும் கேட்காது. அதனால் தட்டுவார்கள். ஒரு தட்டு, பிடித்திருக்கிறேன். இரண்டு தட்டு, திருப்பு. மூன்று தட்டு, வேலை முடிந்தது, வெளியே வருகிறேன். மூன்று தட்டுக்கு மட்டும் வெளியே இருப்பவன் பதில் தட்ட வேண்டும், ஒரே தட்டு. துளைக்கு மேல் ஏதாவது பாரம் போய்க்கொண்டிருக்கலாம் என்பதால், அந்தப் பதில் வராமல் உள்ளே இருப்பவன் வரமாட்டான். எவ்வளவு நேரமானாலும் வரமாட்டான்.

மறுநாள் மத்தியானம் மறுபடி அந்தச் சத்தம். ஸ்பானர் உட்கார்ந்தது, கொஞ்சம் நழுவியது, மறுபடி உட்கார்ந்தது. பொறுமையான கை. அடுத்த வீட்டுக் கிணற்று மோட்டாராக இருக்கும் என்று பொன்னுதுரை நினைத்தான். கோளாறு தேடுவது அவன் பிழைப்பு. பெட்டியிலிருந்து நீளத் திருப்புளியை எடுத்தான். கருப்பட்டியும் பழைய சுண்ணாம்பும் மணக்கும் அந்த வீட்டின் சுவர்கள் கடலிலிருந்து வெட்டிய பவளக் கல்லால் கட்டியவை, எந்த அதிர்வையும் தின்றுவிடும். நுனியை சுவரில் ஊன்றி, பிடியை நெற்றியில் வைத்துக் கேட்டான். சத்தம் இருந்தது. தரையில் ஊன்றினான். இருந்தது. கிணற்றுத் துலாக் காலில், கட்டில் காலில், அம்மிக் கல்லில் ஊன்றினான். எல்லா இடத்திலும் ஒரே அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

திருப்புளியைக் கீழே வைத்தான். எதையும் தொடாமல் அறையின் நடுவில் நின்றான்.

அதே அளவு.

எந்த இரும்பில் வைத்தாலும் ஒரே அளவு கேட்டால் கோளாறு இரும்பில் இல்லை. கேட்கிறவனிடம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த வருஷமே இது தெரிந்துவிடும். பொன்னுதுரை பயந்திருக்க வேண்டும். ஆனால் அவனுக்குள் ஒன்றும் அசையவில்லை. காதுக்குப் பின்னாலிருந்த மரப்பு மெல்லப் பரவி நெஞ்சுவரை வந்துவிட்டது போலிருந்தது.

சாயங்காலம் பிளாரன்ஸ் புண்ணைத் துடைத்த தன் கையை முகர்ந்து பார்த்தாள். தாடையை வைத்தாள். "கிரீஸ் வாசம் அடிக்கி. ஒர்க்ஷாப்புக்குப் போனியளா?"

"இல்லளா."

"பொறவு எங்கன இருந்து வருது?"

 சத்தம் கேட்பதைச் சொன்னால் முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவாள். டாக்டர் திருகை அசைத்துப் பார்ப்பார். பிறகு எடுத்துவிடுவார். "புண்ணுல செவப்பு மையால ஒரு புள்ளி வையி" என்றான். "குமிழ்ல ஒண்ணு, அதுக்கு நேரா தோல்ல ஒண்ணு." நட் இளகுகிறதா என்று பார்க்க பிட்டர்கள் இப்படித்தான் அடையாளம் வைப்பார்கள். இரண்டும் நேராக நிற்கும்வரை எதுவும் திரும்பவில்லை. நோட்டுத் திருத்தும் பேனாவால் பிளாரன்ஸ் இரண்டு புள்ளி வைத்தாள். "எஞ்சினுக்கு வாக்கப்பட்டுட்டேன்" என்றாள்.

அடுத்த மத்தியானம் ஒரு தட்டு கேட்டது.

டக்.

பிடித்திருக்கிறேன்.

பொன்னுதுரை கைகளைத் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து இரண்டு தட்டு. திருப்பு. அவன் திருப்பவில்லை. சுவர்க் கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்று, பிளாரன்ஸின் கைக்கண்ணாடியை முன்னால் பிடித்துப் பார்த்தான். தோலில் இருந்த புள்ளி இருந்த இடத்தில் இருந்தது. குமிழில் இருந்த புள்ளி விலகியிருந்தது. சிவப்பு எறும்பு ஒன்று அரை எட்டு எடுத்து வைத்த அளவு. இளகும் பக்கமாக.

வலி இல்லை. இழுப்பு இல்லை. ஒன்றுமே இல்லை.

மூன்று தட்டு வந்தது அதற்குப் பிறகுதான். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். கை சோற்றிலேயே நின்றது.

டக். டக். டக்.

வேலை முடிந்தது. வெளியே வருகிறேன்.

பதில் தட்ட விரல் துடித்தது, அத்தனை வருஷப் பழக்கம். விரல்களை மடக்கி அடக்கினான். பதில் இல்லாவிட்டால் உள்ளே இருப்பவன் வரமாட்டான். அது எல்லா ஆளுக்கும் தெரிந்த விதி. உள்ளே இருப்பதற்கும் தெரிந்திருந்தது. அது வரவில்லை, காத்திருந்தது. அன்று மறுபடி தட்டியது. மறுநாளும். புள்ளி அதன்பிறகு நகரவே இல்லை. திருகு உறுதியாக நின்றது. அவன் பதில் தட்டாமல் இருந்தால் போதும். திருகு நிற்கும், கருவி வரும், எஞ்சின் வரும். அவ்வளவுதான் அவன் செய்ய வேண்டியது.

ஆனால் தட்டு மாறத் தொடங்கியது.

முதலில் இடைவெளி கூடியது. பிறகு பலம் குறைந்தது. மூன்றாவது தட்டு சில சமயம் இரும்பில் படாமல் வழுக்கியது. கை தளர்ந்த ஆள் தட்டும் தட்டு அது. பொன்னுதுரைக்கு அது எப்படியிருக்கும் என்று தெரியும். ஒருமுறை இழுவைப் படகு ஒன்றின் அடித் தொட்டியில் அவன் உள்ளே இருந்தபோது, விவரம் தெரியாத யாரோ மூடியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூடிய தொட்டியில் துரு ஒரு வேலை செய்யும். இரும்பு துருப்பிடிக்கக் காற்றிலுள்ள உயிர்வாயுவைத்தான் தின்னும். பார்த்தால் தொட்டி நிறையக் காற்று, இழுத்தால் நெஞ்சில் ஒன்றும் நிற்காது. மூன்று மூன்றாகத் தட்டினான். கை ஓய்ந்து, ஸ்பானர் வழுக்கி, கண்ணுக்குள் மஞ்சள் பூச்சிகள் பறந்தபோது, டீ குடித்துவிட்டு வந்த செந்தூர்பாண்டி வெளியிலிருந்து ஒரு தட்டு தட்டினான். ஒரே ஒரு தட்டு. பிறந்ததிலிருந்து அதைவிட நல்ல சத்தத்தை பொன்னுதுரை கேட்டதில்லை.

டக்.

...டக்.

மூன்றாவது வரவில்லை. நகத்தால் சுரண்டுவது போல ஏதோ வந்தது.

தலையணையைத் தலையில் அழுத்தினான். சத்தம் வெளியிலிருந்து வந்தால்தானே அழுத்தி மூட. தொட்டிக்குள் ஆளை விட்டுவிட்டு வந்தவன் என்று துறைமுகத்தில் யாரையும் சொன்னதில்லை, அப்படி ஒருவன் இருந்ததில்லை. உள்ளே இருப்பது யாரோ, எதுவோ. எப்படிப் போனதோ. மூச்சு முட்டுகிறது. விதியை மீறாமல், முட்டி மோதாமல், பதிலுக்குக் காத்திருக்கிறது.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பிளாரன்ஸ் வரும் நேரம். அவள் வந்துவிட்டால் பதில் தட்டமாட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் வரட்டும் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே பெட்டியைத் திறந்து சின்ன ஸ்பானரை எடுத்தான்.

சுரண்டலும் நின்றுவிட்டது.

அந்த நிசப்தத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஸ்பானரின் முனையால் குமிழில் தட்டினான். ஒரு தட்டு. தலை முழுக்கக் கோயில் மணி போல முழங்கியது.

வா.

முழக்கம் அடங்கும்வரை ஒன்றும் நடக்கவில்லை. செத்துப்போயிற்று என்று நினைத்தான். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. பிறகு ஸ்பானர் உட்கார்ந்தது. நழுவவில்லை. தளர்ந்த கை இல்லை அது. தளர்ந்ததே இல்லை.

திருகு சுழலத் தொடங்கியது.

மரை மரையாக. எலும்பின் பொடி அரைபட, மாவரைக்கும் கல்லுக்குள் தலையை வைத்தது போல. சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டினான். கைக்கண்ணாடியைத் தூக்கினான். சிவப்புப் புள்ளி சுற்றி வந்தது. தோல் புள்ளியைக் கடந்தது. மறுபடி கடந்தது. குமிழை விரலால் அழுத்திப் பிடித்தான். விரலுக்குள் அது சுழன்றது. தலையில் வலி இல்லை. விரல் மட்டும் சூடாக இருந்தது.

கைக்கண்ணாடியின் ஓரத்தில் கதவு திறந்தது. பிளாரன்ஸ். தோளில் பை. அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. காதுக்குப் பின்னால் பார்த்தாள். பை விழுந்தது. வாய் திறந்தது, இன்னும் திறந்தது, கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. மூன்று வருஷமாக அவன் கேட்க ஏங்கிய குரல். ஒரு துளிகூட விழவில்லை. அரைபடும் சத்தம் மட்டும்.

அதுவும் நின்றது.

திருகு கழன்று தோளில் பட்டுத் தரையில் உருண்டது. ரத்தம் வரவில்லை. கண்ணாடிக்குள், மரத்த தோலின் நடுவில், சுத்தமான சின்ன வட்டமாகத் துளை கறுத்துத் தெரிந்தது.

உள்ளேயிருந்து ஒரு நக நுனி வந்து துளையின் விளிம்பைப் பற்றியது. நகத்தின் இடுக்கில் கிரீஸ் இருந்தது.