செட்டித்துறைப் பாறை

"இறங்குங்க, இறங்குங்க! வெயில் ஏறுறதுக்குள்ள நடந்தாத்தான் ஆச்சு!" என்று சொல்லிக்கொண்டே தமயந்தி ஜீப்பிலிருந்து குதித்தாள்.

எதிரே மாயாறு ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று சொல்வதெல்லாம் மரியாதைக்குத்தான்! மே மாத வெயிலில் ஆறு இளைத்துப் போய், பாறைகளுக்கு நடுவே முழங்கால் அளவுத் தண்ணீராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் காடு. ஒரு காலத்தில் மேட்டுநாட்டு வணிகர்கள் மாடுகளின் முதுகில் மிளகுப் பொதி ஏற்றி இந்த ஆற்றோரமாகத்தான் சமவெளிக்கு இறங்கினார்கள். திரும்பும்போது உப்பு ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பாதையில் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுவதுதான் தமயந்தியின் தொழில். சத்தியமங்கலத்துக்காரி, வயது முப்பத்து மூன்று, வாய் கொஞ்சம் நீளம்.

ஆனால் இன்று அவள் ஓயாமல் பேசியதற்குக் காரணம் பயம். கூட வந்தவர்களில் ஒருவர் பேராசிரியர் அம்பலவாணன். கல்வெட்டு படிப்பதில் கரை கண்டவர், ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால், ஆராய்ச்சி மாணவியாக இதே காட்டுக்கு வந்த தமயந்தி, செட்டித்துறை என்ற இடத்தில் ஆற்று நடுவே ஒரு பாறையில் காளை உருவமும் அதன் கீழே எழுத்துகளும் பார்த்ததாக அறிக்கை எழுதினாள். படம் எடுத்த போன் திரும்பும்போது ஆற்றோடு போய்விட்டது. அம்பலவாணன் நேரில் வந்து பார்த்துவிட்டு, 'அப்படி ஒரு பாறையே அங்கு இல்லை' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான், பொய்க்காரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவமானம் தாங்காமல் படிப்பைப் பாதியில் விட்டாள். அதற்குப் பிறகு செட்டித்துறைப் பக்கம் மட்டும் யாரையும் விடவில்லை. இந்த வருடம்தான், அதுவும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு, வனத்துறை அனுமதி கொடுத்தது. இன்று பாறை கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் சாகிறவரைக்கும் பொய்க்காரிதான்!

பெயர்ப் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்ததும் அதை அடித்துவிடலாமா என்றுகூடத் தமயந்திக்குத் தோன்றியது. எதற்கு வருகிறார் இந்த மனுஷன்? இன்னொரு தடவை 'இல்லை' என்று சொல்லவா? கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, எழுபது வயதுக்கு உண்டான நிதானத்தோடு அவர் நடந்தார்.

மற்ற இருவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த நந்திதாவும் கிஷோரும். கல்யாணமாகி ஆறு மாதம். நந்திதாவுக்குப் பழைய கோட்டை, பழைய பாதை என்றால் உயிர். கிஷோருக்கு எதன் மேல் உயிர் என்பதைப் பற்றி மட்டும் இன்று வாயே திறக்கக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

வழிகாட்டிப் போனவள் மருதி. காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள், வனத்துறையில் வாட்சர். பரிசல் ஓட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்த ஆற்றில் ஆள் கிடையாது.

"நல்லாக் கேட்டுக்குங்க," என்றாள் மருதி. "இது மழை பேஞ்சு பெருகுற ஆறு மட்டும் இல்லீங்க. மேல மலையில கரண்டு எடுக்கறாங்க. ஊருல ஜனங்க லைட்டு, பேனு போடப் போட அங்க தண்ணியத் தொறப்பாங்க. வானத்துல ஒரு பொட்டு மேகம் இருக்காது, ஆறு மட்டும் திடுதிடுன்னு வரும். மத்த நாள்ல மத்தியானம் மூணுக்கெல்லாம் வந்துரும். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, மில்லெல்லாம் லீவு. பொழுது சாஞ்சப்புறம்தான் வரும். பயமில்லாம நடங்க!"

அதைக் கேட்டதும் அம்பலவாணன் சட்டென்று நின்றார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், தமயந்தியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நாலு கிலோமீட்டர் தாண்டியதும் மருதி கையை உயர்த்தினாள். "அசையாதீங்க!"

மூங்கில் புதருக்குப் பக்கத்தில் ஏழு யானைகள்! குட்டி ஒன்று தாயின் கால்களுக்கு நடுவே நின்றது. நந்திதா கிஷோரின் கையை நகம் பதியப் பிடித்தாள். அவை ஆற அமர நீர் குடித்து, மண் வாரிப் போட்டுக்கொண்டு, கரையேற முக்கால் மணி நேரம் ஆனது. அவசரம் நமக்குத்தானே, அவற்றுக்கு என்ன! தமயந்தி வாட்சைப் பார்த்துப் பார்த்துத் தவித்தாள்.

செட்டித்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றேகால். மருதி முதல் நாளே கொண்டுவந்து கட்டி வைத்திருந்த பரிசல், சற்று மேலே கரையோரம் கிடந்தது. ஆற்றின் நடுவே பெரிதும் சிறிதுமாகப் பத்துப் பன்னிரண்டு பாறைகள். தமயந்தி தண்ணீரில் இறங்கி ஓடினாள். முதல் பாறையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. ஐந்தாவதைச் சுற்றி வந்தபோது அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. 'ஒருவேளை நிஜமாகவே பார்க்கவில்லையோ? வெயிலில் கண்டதெல்லாம் காளையாகத் தெரிந்ததோ?'

ஏழாவது பாறையின் சரிவு முழுக்கக் காய்ந்த வண்டல் அப்பியிருந்தது. மண்டியிட்டு இரண்டு கையாலும் சுரண்டினாள். விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. வளைவு. இன்னும் சுரண்டினாள். திமில்! அதற்கு முன்னால் ஒரு கொம்பு!

"சார்!" என்று காடே அதிரக் கத்தினாள். "சார், வாங்க! வந்து பாருங்க!"

அம்பலவாணன் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தார். காளையின் கீழே ஐந்து வரிகள், ஆற்று நீர் தேய்த்துத் தேய்த்து மங்கிய எழுத்துகள். அவர் விரலால் ஒவ்வொரு வரியையும் தடவினார்.

"வணிகக் குழுவோட கல்லுதான்மா," என்றார். "நீ சொன்னபடியே இருக்கு. அப்படியே இருக்கு."

தமயந்திக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நந்திதா அவளைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள். ஆனால் உச்சி வெயிலில் அந்தத் தேய்ந்த எழுத்து படத்தில் வெறும் கல்லாகத்தான் தெரிந்தது.

"இதக் காட்டினா எவனும் நம்பமாட்டான். நானே நம்பியிருக்கமாட்டேன்," என்ற பேராசிரியர், தோளிலிருந்த குழாயைத் திறந்தார். உள்ளே தாள் சுருள், பிரஷ், மை! "மைப்படி எடுத்துரலாம். அப்புறம் யார் வாயத் திறக்கறாங்கன்னு பாக்கறேன்."

கல்லைக் கழுவி, தாளை நனைத்து ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி பிரஷால் தட்ட வேண்டும். கொஞ்சம் உலர்ந்ததும் மேலே மை ஒற்றினால், கறுப்பில் எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். முழுதாக முக்கால் மணி நேர வேலை. தமயந்தி தாளைப் பிடித்துக்கொள்ள, அவர் தட்டத் தொடங்கினார்.

பாறை மேல் உட்கார்ந்திருந்த கிஷோருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"மணி ரெண்டு பத்து. இந்நேரம் பதினஞ்சு ஓவர் முடிஞ்சிருக்கும்," என்றான் பெருமூச்சோடு.

மருதி திரும்பினாள். "என்ன ஓவருங்க?"

"கிரிக்கெட் ஃபைனலுங்கக்கா! ஒரு மணிக்கு ஆரம்பம். ஊரே டிவி முன்னாடி உக்காந்திருக்கு, நான் மட்டும்…"

"அய்யோ சாமி!" மருதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இத முன்னாடியே சொல்லக்கூடாதா? போன ஃபைனல் அன்னிக்கும் இப்படித்தான், என் பரிசலே அடிச்சுக்கிட்டுப் போச்சு! ஒரு மணிக்கு மேட்ச்சுன்னா பன்னெண்டரைக்கே தொறந்திருப்பாங்க. இங்க வந்து சேர ரெண்டு மணி நேரம்தான். எந்திரிங்க, எல்லாரும் கரைக்கு!"

கிஷோரும் நந்திதாவும் தண்ணீரில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். மருதி பாறையோரம் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டாள். "தமயந்தி, கண்ணு இந்தக் குச்சி மேலயே இருக்கட்டும். நான் பரிசலைக் கொண்டாந்துர்றேன்!" என்று கத்திக்கொண்டே மேல்பக்கம் பாய்ந்தாள்.

"சார், எந்திரிங்க!"

"இன்னும் மை ஒத்தலைம்மா."

"சார், உசுரு முக்கியம்!"

அவர் நிமிரவே இல்லை. "அன்னிக்கு நான் இங்க வந்தது ஒரு புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணி. ஆறு நிறையத் தண்ணி. பாறையக் காணோம். நீ பொய் சொல்லிட்டேன்னு எழுதிட்டேன். ஆறு எப்ப ஏறும், எப்ப இறங்கும்னு இங்க இருக்கற ஒருத்தரையும் கேக்கல. காலையிலதான், அந்தப் பொண்ணு சொன்னப்புறம்தான் எனக்கே உறைச்சுது."

தமயந்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒன்பது வருஷம் சார்! எங்க அப்பாவே என்னை நம்பல! அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "அதான் படி எடுக்காம வரமாட்டேன்கறேன். நீ போ."

இந்த மனுஷனை என்ன செய்வது! அவள் போகவில்லை. மை ஒற்றும் கட்டையை அவரிடமிருந்து பிடுங்கித் தானே ஒற்றத் தொடங்கினாள். காளை எழுந்தது. முதல் வரி, இரண்டாம் வரி. அவள் குச்சியைப் பார்த்தாள். பாதி மூழ்கியிருந்தது. மூன்றாம் வரி. நுரையும் சருகுமாக ஆறு கலங்கி வந்தது. நாலாம் வரி ஒற்றும்போது குச்சியையே காணோம்!

"கடைசி வரி…"

"விடுங்க சார்! உரிங்க!"

ஐந்தாம் வரி தண்ணீருக்குள் போய்விட்டது. அவர் தாளை மெல்ல உரித்துத் தலைக்கு மேல் தூக்கினார். அந்த நேரம் பார்த்துக் கால் வழுக்கியது! தமயந்தி தாளைப் பிடிக்கவில்லை. அவருடைய சட்டைக் காலரைத்தான் இரண்டு கையாலும் பிடித்தாள். இடுப்பளவு வெள்ளம் இருவரையும் இழுத்தது.

"துடுப்பப் புடி!" மருதியின் குரல். பரிசல் சுழன்றுகொண்டே வந்து பாறையில் மோதியது. தமயந்தி துடுப்பைப் பற்றி, அவரை உள்ளே தள்ளி, தானும் உருண்டு விழுந்தாள். பரிசல் மூன்று சுற்று சுற்றி அம்பாகப் பாய்ந்தது. பேராசிரியர் மல்லாந்து கிடந்தார், தாள் மட்டும் உயர்ந்த கையில் அப்படியே இருந்தது!

"கயிறு!" என்று மருதி வீசினாள். கரையோரம் கூடவே ஓடிவந்த கிஷோர் எகிறிப் பிடித்து, மருத மரம் ஒன்றில் இரண்டு சுற்றுச் சுற்றினான். பரிசல் வெடுக்கென்று நின்றது.

"கேட்ச்சு!" என்று அவன் கத்த, நந்திதா அவனை முறைக்க மறந்து சிரித்துவிட்டாள்.

பாதையின் மறுமுனைக்கு டிரைவர் சுற்றிக் கொண்டுவந்திருந்த ஜீப்பின் பானட்டில் தாளைக் காயவைத்தார்கள். கறுப்பு நடுவே திமிலை நிமிர்த்திக்கொண்டு காளை நின்றது. கீழே நாலு வரி, ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை. தமயந்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருடப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியதும் டயரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அம்பலவாணன் மருதியிடம் போய்க் கைகூப்பினார். "வந்த எடத்துல அங்க இருக்கறவங்களக் கேக்கணும்மா. முப்பது வருஷம் பாடம் நடத்தினவன், அத நான் செய்யல."

"இனிமே கேளுங்க, சொல்றோம்," என்றாள் மருதி, ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே.

படி எடுத்தால் அதன் பின்பக்கம் விவரம் எழுத வேண்டும், அது அந்தத் தொழிலில் வழக்கம். பேராசிரியர் தாளைத் திருப்பி, பேனாவை எடுத்து நிதானமாக எழுதினார். 'இடம்: செட்டித்துறை, மாயாறு. கண்டுபிடித்தவர்: தமயந்தி.' அடுத்து நாள் எழுதினார். எட்டிப் பார்த்த தமயந்தி திடுக்கிட்டாள்.

"சார், தேதி தப்பாப் போட்டுட்டீங்க. வருஷமும் தப்பு. இது பழைய தேதி."

"தப்பில்லம்மா," என்றார் அவர். "உன் அறிக்கையில இருந்த தேதி. அவசரப்பட்டு எழுதிட்டேனோன்னு உறுத்தி எத்தனையோ தடவ எடுத்துப் படிச்சிருக்கேன், மனப்பாடம். நீ கண்டுபிடிச்சது அன்னிக்குத்தானே? இன்னிக்கு நான் பாத்தேன், அவ்வளவுதான்."

தமயந்தி அந்தத் தேதியைத் தொட்டுப் பார்த்தாள். மை இன்னும் ஈரமாக இருந்தது. யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதாள்.