மொட்டை மலையில் கல்லறைக் கொடி

நாங்கள் மலையேறியபோது மூடுபனி இன்னும் கலையவில்லை. லாரியை விட்டு இறங்கியதும் ஹோபர்ட் இருமினான். என் கணவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதை அந்த இருமலை வைத்தே பனியிலும் சொல்லிவிடுவேன். முப்பது வருஷமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல் அது.

இந்த மலையின் தலையைச் சீவி நிலக்கரி எடுத்தபோது புல்டோசர் ஓட்டியவன் அவன்தான். இப்போது அதே மலையில் புல் வளர்ப்பவனும் அவன்தான், கூட நானும். கம்பெனி அரசாங்கத்திடம் கட்டிய பிணைத்தொகை திரும்ப வர வேண்டுமென்றால், விதைத்து ஐந்து வருஷம் கழித்து வந்து பார்க்கும்போது வெட்டிய இடமெல்லாம் பச்சையாக நிற்க வேண்டும். நடுவில் எங்காவது மண்ணை ஆழமாகத் தோண்டினால் எல்லாம் முதலிலிருந்து. ஹோபர்ட்டின் நெஞ்சு முழுக்கக் கரித்தூள். இன்னொரு ஐந்து வருஷம் அவனுக்குக் கிடையாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பிணை விடுபட்டால் எங்கள் கூலி பாக்கியும் கைக்கு வரும்; அதோடு ஓஹையோவில் மகள் வீட்டுக்குப் போய் நிம்மதியாக மூச்சு விட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஆசை.

எல்லா இடமும் பச்சை பிடித்தது, ஒரே ஒரு திட்டைத் தவிர. விதை தெளித்தோம், வைக்கோல் போட்டு மூடினோம், ஒன்றும் நடக்கவில்லை. போன இலையுதிர் காலத்தில் ஹோபர்ட் அடிவாரத்துப் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். பெயர் எழுதாத ஒரு கல்லைச் சுற்றிப் படர்ந்திருந்த கொடியை மண்ணோடு பெயர்த்து ஒரு கூடை கொண்டுவந்தான். நீலப் பூ பூக்கும், பனியிலும் வாடாத கொடி. எங்கள் பக்கம் காட்டுக்குள் கல்லறை இருப்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். மே மாதம் கல்லறைகளைச் சுத்தம் செய்யப் போகிறவர்கள்கூட அதில் ஓர் இலையைக் கிள்ள மாட்டார்கள். கிள்ளினால் கொடியோடு அடியில் புதைந்த ஆளும் வருவான் என்பார்கள்.

"வேணாம் ஹோபர்ட். எனக்குப் பயமா இருக்கு."

"வந்தா வரட்டுமே! கையில ஒரு மண்வெட்டியக் குடு. வேலைக்கு ஆள் பத்தலன்னு நீதான பொலம்புற?"

நானும் சிரித்தேன். 

மூடுபனியில் மலையேறிய அன்று, பச்சை பிடித்ததா என்று சோதிக்க வந்த அரசாங்க அதிகாரி லீமன் அளவு நாடாவை இழுத்துக் கட்டினார். அடிக்கு ஒரு தரம் இரும்புக் கம்பியை ஊன்றி, அதன் முனையில் படுவது செடியா வெறும் மண்ணா என்று பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் செடி. கடைசியில் அந்தத் திட்டு. நாங்கள் நட்டது ஒரு கூடைதான். இப்போது ஓர் ஆள் படுத்த நீளத்துக்குக் கொடி செழித்திருந்தது.

கம்பியை ஊன்றினார்.

கம்பி இறங்கியது.

கைப்பிடி வரை இறங்கியது.

டோசர் மிதித்து இறுகிய பாறைத்தூள் அது. கடப்பாரையே அரை அடி போகாது. கம்பியை உருவியதும் துளையிலிருந்து ஈரக் கம்பளியும் மக்கிய பலகையும் கலந்த வாடை வந்தது. கூடவே, யாரோ மூச்சை நீளமாக உள்ளே இழுக்கும் சத்தம்.

"அடியில என்னங்க அது?" லீமனின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"எலி வளை சார். எலிக்கும் நம்ம மலை புடிச்சுப்போச்சு!" என்று சொல்லிக்கொண்டே ஹோபர்ட் குப்புறப் படுத்துத் துளையை உள்ளங்கையால் அடைத்தான்.

இருமினான். மண்ணுக்கடியிலும் யாரோ இருமினார்கள்.

மறுபடி இருமினான். மறுபடி அடியிலிருந்தும்.

பிறகு அடியில் மட்டும்தான் இருமல் கேட்டது.

ஹோபர்ட் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "பச்சை இருக்கு, போதும். பிணைய விடுவிச்சுக் கடிதம் வர்ற வரைக்கும் மண்ணத் தொட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டு லீமன் திரும்பிப் பார்க்காமல் வண்டிக்கு நடந்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம். 

அன்று சாயங்காலம் வழக்கம்போல மோரில் சோள ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடி ருசித்துச் சாப்பிட்டான். ஒரு தடவைகூட இருமவில்லை.

"அடேயப்பா, இதச் சாப்பிட்டு எவ்வளவு காலமாச்சு!"

"நேத்துதான சாப்பிட்ட?"

கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"ஒம் பேரு என்னம்மா?"

மறுநாள் பொழுது சாயும்போது மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக மலைக்கு ஏறினேன். கொடிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டதுமே கேட்டுவிட்டது. என் ஹோபர்ட்டின் இருமல். மண்ணுக்குள்ளிருந்து.

"வெர்னா... தோண்டாத."

"ஹோபர்ட்!"

"தோண்டினா... மறுபடி அஞ்சு வருஷம். நீயாவது புள்ளகிட்டப் போ."

பிணையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், எனக்கு என் புருஷன் வேண்டும். கத்திக்கொண்டே மண்வெட்டியை ஓங்கி இறக்கினேன். பாறைத்தூளில் பட்டுத் தெறித்தது. மறுபடி இறக்கினேன். ஒரு விரல் ஆழம்கூடப் போகவில்லை. அடியில் இருமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப் போய்க்கொண்டிருந்தது.

பின்னால் காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஈரக் கம்பளி வாடை மட்டும் வந்தது. தோளுக்கு மேலே ஹோபர்ட்டின் கை நீண்டது.

"வேலைக்கு ஆள் பத்தலன்னியே. அந்த மண்வெட்டிய எங்கிட்டக் குடும்மா."